ஓடை கொண்டுபோனது

கொடைக்கானல்
14 நவம்பர் 1987

அன்புள்ள தெரசக்காவுக்கு,

யேசுவுக்குத் தோத்திரம். நீங்களும் அத்தானும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டிக்கொள்கிறேன். இந்த வாரம் உங்களுக்கு இரண்டு கடிதங்கள் வரும். வீட்டிலிருந்து வருவதில், அம்மா சொன்னபடி ‘இங்கு நாங்கள் யாவரும் சுகம்’ என்று முதல் வரி எழுதியிருக்கிறேன். இது பள்ளிக்கூட நூலகத்தில் உட்கார்ந்து எழுதுவது. இதில் அந்த வரியை எழுத முடியவில்லை.

அருளப்பன் அண்ணனுக்கு எய்ட்ஸ் கிருமி இருக்கிறது அக்கா.

அண்ணனுடையது ரத்தம் உறையாத உடம்பு என்பது உங்களுக்குத் தெரியும். முழங்கால் வீங்கிப் படுத்துக்கொண்டால் நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வீர்களாம். நீங்கள் கல்யாணமாகிப் போன பிறகு, அப்பா சமையல் செய்யும் விடுதிக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா வந்தார். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அண்ணனுக்கென்று சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் கொண்டுவருவார். உள்ளே வெள்ளைத் தூள். தண்ணீரில் கரைத்து ஊசி போட்டால் ரத்தம் நின்றுவிடும். அண்ணன் முதல் முறையாகத் தடி இல்லாமல் ஏரியைச் சுற்றி வந்தது அப்போதுதான். அந்தத் தூள் முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேருடைய ரத்தத்திலிருந்து எடுத்தது என்று இப்போது பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டேன். டாக்டரம்மாவுக்கும் அன்றைக்குத் தெரியாது. அவர் நல்ல மனதோடுதான் கொடுத்தார்.

கோடையிலிருந்து அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. அப்பா அவனை மதராசுக்கு அழைத்துப் போய் ரத்தம் சோதித்தார். திரும்பி வந்த அன்று அப்பா அம்மாவிடம் அடுப்படியில் சொன்னதை நான் கேட்டுவிட்டேன். “வெளிய தெரிஞ்சா நம்ம கைச்சோத்தை ஒருத்தரும் திங்க மாட்டாங்க கித்தேரி” என்றார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். காலிக் குப்பிகளில் அம்மா இன்னும் மாதா படத்துக்கு முன்னால் பூ வைக்கிறாள்.

நீங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறீர்கள். இதற்கு மருந்து உண்டா? பதிலைப் பள்ளி முகவரிக்கு எழுதுங்கள். வீட்டுக்கு வந்தால் செபமாலை முடிந்ததும் என்னைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார்கள். ஸ்டாம்பு கேட்டு வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்கும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
புஷ்பமேரி

பிரிஸ்பேன்
6 டிசம்பர் 1987

அன்புத் தங்கை புஷ்பாவுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

நான் விஞ்ஞானி இல்லையம்மா. கண்ணாடிக் குழாய் கழுவுகிறவள். மாடுகளுக்கு விஷமாகும் செடிகளை எங்கள் கூடத்தில் ஆராய்கிறார்கள். ஆனாலும் உன் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே இருப்பவர்களிடம் கேட்டேன். யாருக்கென்று சொல்லவில்லை. புரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

நம் ரத்தத்தில் காவல் காக்கும் வெள்ளை அணுக்களுக்குள் அந்த வைரஸ் புகுந்துவிடுகிறது. அதற்குச் சொந்தமாக அதிகம் ஒன்றும் கிடையாது. அணுவின் வீட்டிலேயே உட்கார்ந்து, அணுவின் பொருளை வைத்தே தன் பிள்ளைகளைப் பெருக்குகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் மேலே ஒரு சட்டை வேண்டும். உன் அம்மா, என் சித்தி, ஸ்வெட்டர் பின்னி முடித்ததும் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிப்பாளே, அதுபோல அந்தச் சட்டையில் அதிகப்படியாக இருக்கும் சர்க்கரையை ஒரு நொதி கத்தரித்துச் சீர் செய்கிறது. அந்தக் கத்தரிக்கோல் வைரஸுடையது இல்லை. அணுவுடையது. அதை வேலை செய்யவிடாமல் தடுத்தால் சட்டை கோணலாகிப் பிள்ளை வைரஸ் அடுத்த அணுவில் ஒட்ட முடியாது. வைரஸ் சாகாது. பெருகுவது மெதுவாகும்.

இப்படித் தடுக்கும் பொருள் ஒரு மரத்தின் கொட்டையில் இருக்கிறதாம். இதில் ஆச்சரியம், அது எங்கள் தெருவில் நிற்கும் மரம். இங்கே கறுப்பு அவரை என்பார்கள். முருங்கையைவிடத் தடித்த காய், உள்ளே எலுமிச்சை அளவில் பழுப்புக் கொட்டை. இதைத் தின்று மாடு சாகிறது என்றுதான் எங்கள் கூடத்தில் ஆராயத் தொடங்கினார்கள். மாட்டைக் கொல்வதும் கத்தரிக்கோலைத் தடுப்பதும் ஒரே பொருள்தான்.

இதெல்லாம் கண்ணாடித் தட்டில் வளர்த்த அணுக்களில் செய்து பார்த்தது. மனிதருக்கு இன்னும் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் வேறு ஒரு மாத்திரை வந்திருக்கிறது, அது வைரஸின் சொந்த நொதியைத் தடுப்பது. அது நம் கைக்கு எட்டுகிற விலையில் இல்லை. எதற்கும் விசாரிக்கிறேன்.

உனக்குப் பிடிக்குமென்று ஒன்று சொல்கிறேன். இந்த நாட்டின் பூர்வகுடிகள் அதே கொட்டையைச் சீவி, ஓடும் தண்ணீரில் பல நாள் போட்டு, விஷம் போன பிறகு இடித்து மாவாக்கி உண்டார்களாம். நம் மலையிலும் சில காட்டுக் கிழங்குகளை அப்படித்தானே செய்வார்கள்?

அண்ணனை நன்றாகச் சாப்பிடச் சொல். உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது.

தெரசக்கா

கொடைக்கானல்
4 ஜனவரி 1988

அன்புள்ள தெரசக்காவுக்கு,

புது வருடத்தில் நீங்களும் அத்தானும் எல்லாச் சுகமும் பெற வேண்டும். உங்கள் கடிதத்தை உயிரியல் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். மடிப்பு கிழியத் தொடங்கிவிட்டது.

அந்த மரம் இங்கே இருக்கிறது அக்கா.

வெள்ளைக்காரர்கள் உங்கள் நாட்டிலிருந்து யூகலிப்டஸும் வாட்டில் என்கிற சீகை மரமும் கொண்டுவந்து நட்டார்கள் என்று பாடத்தில் உண்டு. அப்படியானால் இதையும் நட்டிருக்கலாமே என்று தோன்றியது. அடுக்கம் போகிற வழியில் பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய காப்பித் தோட்டப் பங்களா இருக்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் அம்மாவோடு அடுக்கத்துக்குப் போனபோது அதன் வாசலில் அந்தக் காய்கள் வெடித்துக் கிடந்தன. ஒரு காயில் நாலு கொட்டை. பளபளவென்று, தேய்த்து வைத்த மரச்சாமான் மாதிரி இருந்தது.

மடியில் பொறுக்கினேன். காவல்காரர் பொன்னுச்சாமி பார்த்துவிட்டு வந்தார். “அதை எதுக்கு ஆத்தா பொறுக்குற? மாடு தின்னாச் செத்துப்போகும். பன்னிகூட மோந்து பாத்துட்டு அங்கிட்டுப் போயிரும்” என்றார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. நீங்கள் எழுதிய அதே மரம்தான் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு என்று அவரிடம் சொன்னேன்.

அண்ணனின் வாய்க்குள் வெள்ளை படிந்திருக்கிறது. எடை குறைந்துகொண்டே வருகிறது. அவனிடம் கணக்கு ட்யூஷன் படிக்கும் பிள்ளைகள் “சார், நீங்க உபவாசமா?” என்று கேட்கின்றன. அண்ணனுக்குத் தெரியாது என்று அப்பா நினைக்கிறார். விடுதியிலிருந்து பிஸ்கட் சுற்றி வரும் இங்கிலீஷ் பத்திரிகையை எல்லாம் அண்ணன் நீவி நீவி வாசிக்கிறான். அவனுக்குத் தெரியும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்கலாம்? கூடத்தில் கேட்டு உடனே எழுதுங்கள்.

அவசரத்தோடு,
புஷ்பமேரி

தந்தி
பிரிஸ்பேன், 19 ஜனவரி 1988

கொட்டை கொடுக்காதே. கடிதம் வருகிறது. தெரசா.

பிரிஸ்பேன்
20 ஜனவரி 1988

அன்புத் தங்கைக்கு,

தந்தி கிடைத்திருக்கும். உன்னைப் பயமுறுத்தியிருந்தால் பொறுத்துக்கொள். நான் பயந்துபோய்த்தான் அனுப்பினேன். அந்த மரத்தைப் பற்றி உனக்கு எழுதியது என் தவறு. உனக்கு ஏதாவது நல்ல செய்தி சொல்ல வேண்டும் என்ற ஆசையில், அது நம் மலையில் இருக்குமா என்று யோசிக்கவே இல்லை.

கேள். அந்தக் கத்தரிக்கோல் அணுவுடையது என்று எழுதினேன். அது இல்லாவிட்டால் வைரஸின் சட்டை மட்டும் கெடாது. உடம்பு தனக்காகச் செய்துகொள்கிற வேலையும் கெடும். மாட்டுக்கு முதலில் கெடுவது குடல். உள்ளே ரத்தம் கசியும். அருளப்பனுக்கு உள்ளே ரத்தம் கசிந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டாம். எவ்வளவு கொடுத்தால் வைரஸ் தடைபடும், எவ்வளவில் ஆள் தப்புவான் என்று உலகத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது.

கொட்டையை எல்லாம் எரித்துவிடு. எரித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. அது வரும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

தெரசக்கா

கொடைக்கானல்
9 பிப்ரவரி 1988

அன்புள்ள தெரசக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். தந்தியை வகுப்புக்கு நடுவில் கொண்டுவந்தார்கள். தந்தி என்றால் சாவு என்றுதானே நினைப்பார்கள், சிஸ்டர் எனக்கு முதலில் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டுத்தான் பிரித்தார். ‘கொட்டை’ என்று வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். செடி ஆராய்ச்சி என்றேன்.

அக்கா, தந்தி வருவதற்கு முன்பே கொடுத்துவிட்டேன். கோபப்படாதீர்கள். கடிதம் போய்த் திரும்புவதற்கு ஒரு மாதம் ஆகிறது. அண்ணன் அவ்வளவு நாள் தாங்குவானா என்று பயந்தேன். அப்படியே கொடுக்கவில்லை. நீங்கள் எழுதியிருந்தபடி மெல்லிசாகச் சீவி, சாக்கில் கட்டி, வீட்டுக்குப் பின்னால் ஓடையில் கல்லை வைத்துப் போட்டுவிட்டேன். தினமும் காலையில் வெள்ளனே போய்ச் சாக்கைப் புரட்டுவேன். முதலில் நாக்கில் வைத்தால் கசந்தது. பிறகு கசப்பே போய்விட்டது. காயவைத்து இடித்து, சத்துமாவு என்று சொல்லிக் கஞ்சி காய்ச்சினேன். நான் முதலில் குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் அவனுக்கு.

அண்ணன் மூன்று வாரத்துக்கு மேலாகக் குடிக்கிறான். எது போட்டாலும் வேண்டாம் என்கிறவன் இதைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறான். முந்தாநாள் வாசலில் வெயிலில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தான். ரத்தம் கசியவில்லை. காய்ச்சலும் குறைந்திருக்கிறது. விஷம் போய் மருந்து மட்டும் தங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதங்களையும் வாசிக்கக் கொடுத்தேன்.

கழுவிய கொட்டையில் மருந்து இருக்கிறதுதானே? அதை மட்டும் எழுதுங்கள்.

புஷ்பமேரி

கொடைக்கானல்
11 பிப்ரவரி 1988

அன்புள்ள தெரசக்காவுக்கு அருளப்பன் எழுதுவது.

உங்களுக்கு எழுதி எத்தனையோ வருடம் ஆயிற்று. சுகமா? எனக்கு நீங்கள் சொன்ன ராட்சசன் கதை முடியவே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? கால் வீக்கம் வடிந்ததும் எழுந்து ஓடிவிடுவேன்.

பாப்பா உங்களுக்கு எழுதிய கேள்வி எனக்குத் தெரியும். உங்கள் டிசம்பர் கடிதத்தை நானும் வாசித்தேன். மாட்டைக் கொல்வதும் கத்தரிக்கோலைத் தடுப்பதும் ஒரே பொருள் என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஓடும் தண்ணீரில் அந்த விஷம் போய்விடும் என்று வேறொரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்து வாசிக்க ஒரு கணக்கு வாத்தியார் போதும். பாப்பா இன்னும் சேர்த்து வாசிக்கவில்லை. மருந்து ஓடையோடு பெரியகுளம் பக்கம் போய்விட்டது. நான் குடிப்பது வெறும் மாவு.

தயவுசெய்து அவளுக்கு அதை எழுதாதீர்கள். குளிரில் விறைத்த கையோடு ஓடையிலிருந்து வருவாள். கஞ்சிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். மதராசிலிருந்து வந்த பிறகு அப்பா என் முகத்தைப் பார்ப்பதில்லை. அம்மா என் தட்டைத் தனியாகக் கழுவுகிறாள், யாருக்கும் தெரியாமல் செய்வதாக நினைப்பு. இவள் ஒருத்திதான் நான் பிழைப்பேன் என்கிற மாதிரிப் பார்க்கிறாள். அதற்கு எனக்குப் பசிக்கிறது.

வேறு காரணமும் உண்டு. உண்மை தெரிந்தால் கழுவாததைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று அவளுக்குத் தோன்றும். அவளுக்குத் தோன்றாவிட்டாலும் எனக்குத் தோன்றும்.

அத்தானுக்கு என் வணக்கம்.

அருளப்பன்

பிரிஸ்பேன்
3 மார்ச் 1988

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்னபடியே எழுதியிருக்கிறேன். இனி அவள் எப்போது கேட்டாலும் அப்படியே எழுதுவேன். ராட்சசன் ஏழு கடல் தாண்டித் தன் உயிரைக் கிளிக்குள் வைத்திருந்தான். அந்தக் கிளியை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கதை அவ்வளவுதான்.

தெரசக்கா

பிரிஸ்பேன்
3 மார்ச் 1988

அன்புத் தங்கை புஷ்பாவுக்கு,

இங்கே வெயில் தணிந்திருக்கிறது. அத்தானுக்கு வேலை மாற்றம் வந்து மறுபடி நின்றுவிட்டது. அண்ணன் வெயிலில் உட்கார்ந்தான் என்று வாசித்து மனம் குளிர்ந்தது.

விசாரித்தேன். அப்படிக் கழுவிய மாவு உடம்புக்குத் தீங்கு செய்யாது, சத்துதான். அவன் விரும்பிக் குடித்தால் கொடு. ஆனால் கழுவாத கொட்டை ஒன்றுகூட அவன் பக்கம் போகக்கூடாது. எப்போதும் கழுவு.

பரீட்சைக்குப் படிக்கிறாயா? சித்தப்பா சித்திக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அதைச் சத்தமாக வாசிக்கலாம்.

தெரசக்கா

கொடைக்கானல்
18 ஏப்ரல் 1988

அன்புள்ள தெரசக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்ததில் சந்தோஷம். பரீட்சை முடிந்துவிட்டது, நன்றாக எழுதினேன். சீசன் தொடங்கிவிட்டதால் அம்மாவுக்குப் பின்னல் வேலை அதிகம். அப்பா விடுதியிலேயே இருக்கிறார். ஈஸ்டர் பாஸ்கா முடிந்த மறுநாள் அப்பா மாதா படத்துக்கு முன்னாலிருந்த குப்பிகளை எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டார். அம்மா பூவை ஒரு டம்ளரில் வைத்தாள்.

அண்ணனுக்கு இருமல் பிடித்திருக்கிறது. ட்யூஷன் பிள்ளைகளை அம்மா நிறுத்திவிட்டாள். கஞ்சி மட்டும் குடிக்கிறான்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தேன். அதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. தீங்கில்லை, சத்து என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து என்று எழுதவில்லை. மறந்துவிட்டீர்களா?

புஷ்பமேரி

பிரிஸ்பேன்
10 மே 1988

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். இருமலுக்கு டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போட வேண்டாம். எங்கள் தெருவில் அந்த மரத்தின் காய்கள் விழுந்துகிடக்கின்றன. நடைபாதையில் கிடப்பதைக் காலால் ஒதுக்கிவிட்டு வேலைக்குப் போகிறேன்.

கஞ்சியைக் கொடு. எப்போதும் கழுவு.

தெரசக்கா

கொடைக்கானல்
4 செப்டம்பர் 1988

அன்புள்ள தெரசக்காவுக்கு,

இங்கு நாங்கள் மூன்று பேரும் சுகம். இந்த வரியை அம்மாதான் சொன்னாள். வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இனி பள்ளி முகவரி வேண்டாம்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் அண்ணன் போய்விட்டான். தந்தி கொடுக்க வேண்டாம், நீங்கள் தனியாக இருக்கும்போது பிரித்துவிடுவீர்கள் என்று அம்மா சொல்லிவிட்டாள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ரத்தம் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. நிமோனியா என்று எல்லோரிடமும் அப்பா சொன்னார். பொய் இல்லை. விடுதியில் அப்பாவின் வேலையும் இருக்கிறது. அடக்கத்தன்று நல்ல மழை. அவனிடம் படித்த பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றன.

மே மாதக் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் டிசம்பர் கடிதத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். மனப்பாடமாகத் தெரிந்த கடிதம். முதலில் வேண்டியதை மட்டும் வாசித்திருக்கிறேன். தினமும் வெள்ளனே போய் அண்ணனின் மருந்தை நானே சாக்கோடு புரட்டிப் புரட்டி ஓடையில் விட்டிருக்கிறேன்.

நீங்கள் ஏன் எழுதவில்லை என்று கேட்கப் போவதில்லை.

ஜூன் மாதத்தில் ஒருநாள் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. இனி என்ன பயம் என்று நினைத்தேன். கழுவாத கொட்டை ஒன்றை எடுத்துக் கொஞ்சம் சீவி இடித்துக் கஞ்சியில் போட்டேன். கொஞ்சம்தான். கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் வாயருகில் கொண்டுபோனான். மோந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“இன்னைக்கு ஓடைக்குப் போகலையா பாப்பா?”

“மழைண்ணே” என்றேன்.

“மழை விட்டதும் போயிட்டு வா. எனக்கு ஒண்ணும் வெரசா வேணாம்.” கிண்ணத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தான். சிரித்துக்கொண்டே சொன்னான், “கண்ணாடித் தட்டுல இருக்குற அணுவுக்கு வயிறு கெடையாது புள்ள. எனக்கு இருக்கு.”

கஞ்சியை பேரிக்காய் மரத்தடியில் குழிதோண்டி ஊற்றினேன். மீதிக் கொட்டைகளை எல்லாம் சீவி அன்றைக்கே சாக்கில் கட்டி ஓடையில் போட்டேன். ஒன்றுகூடக் கழுவாமல் வீட்டில் இருக்கக்கூடாது என்று. மழையில் ஓடை செம்மண்ணாக வந்தது. நாள் கணக்கு முடிந்ததும் எடுத்துக் காயவைத்தேன். அதன் பிறகு அண்ணன் அந்த மாவைத்தான் குடித்தான். அது வெறும் மாவு என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. குடித்து முடித்ததும் ஒவ்வொரு நாளும் “இன்னைக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கு” என்பான். நானும் “முகம் தெளிஞ்சிருக்குண்ணே” என்பேன்.

நேற்று முப்பதாம் நாள் பூசை. திரும்பி வந்ததும் அப்பா அடுப்படிக்குப் போனார். வீட்டில் அவர் சமைப்பதே இல்லை. டப்பாவில் மீதியிருந்த மாவை எடுத்து, என்னிடம் கேட்காமல் கஞ்சி காய்ச்சினார். கரண்டியால் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். உப்பு போட்டார், மறுபடி பார்த்தார். வெல்லம் போட்டார்.

“என்ன போட்டாலும் ஏற மாட்டேங்குதேம்மா. ருசியே இல்லாத மாவு. இதையா இத்தனை மாசமாத் தின்னான்?”

“ஆமாப்பா” என்றேன். “கேட்டு வாங்கித் தின்னான்.”

அப்பா மூன்று கிண்ணங்களில் ஊற்றினார். மிச்சம் வைக்காமல் குடித்தோம்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தானுக்கு எங்கள் அன்பு.

தங்கை,
புஷ்பமேரி